மர்மப் படமும் மண் துரியோதனனும்: சினிமாச் சாமான்களுக்கும் ஒரு வரலாறு உண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

நம் செங்கல்பட்டுப் பிள்ளைகள் நான்கைந்து பேர் கல்லூரியில் விஸ்காம் படிக்கிறார்கள். இறுதியாண்டுக்கு ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். மர்மக் கதை. 1986-ஆம் ஆண்டு, மாமல்லபுரம் கடற்கரை. கோயில் சிலை ஒன்றைக் கடத்துகிறார்கள், அதைப் பார்த்துவிட்ட ஒருவர் காணாமல் போகிறார். "டீச்சர், அந்தக் காலத்துச் சாமான்லாம் எப்படி இருக்கும், எதை வாங்கணும், எதைச் செய்யணும்னு சொல்லுங்க" என்று கேட்டு வந்தார்கள். ஆசிரியர் பயிற்சி படித்த நாளிலிருந்து காகிதக் கூழில் பூகோள உருண்டை, களிமண்ணில் மலை, அட்டையில் கோட்டை என்று துணைக்கருவி செய்தே பழகிய கை இது. அதனால் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை, வரலாற்றையும் சேர்த்து, எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

சினிமாக்காரர்கள் இந்தச் சாமான்களைப் 'பிராப்பர்ட்டி' என்பார்கள். நடிகர் கையில் பிடிக்கும் கடிதம், மேசை மேல் இருக்கும் டெலிபோன், சுவரில் தொங்கும் காலண்டர், கொலைகாரன் விட்டுப் போன செருப்பு எல்லாம் இதில் அடங்கும். மற்றப் படங்களில் இவை இடத்தை நிரப்பும். மர்மப் படத்தில் இவைதான் சாட்சி சொல்லும். மனிதர்கள் வாய் திறக்கும் முன்னே பொருள் பேசிவிடும். ஆகவே பொருளில் ஒரு பிசகு வந்தால் கதையே விழுந்துவிடும்.

இதெல்லாம் சினிமா வந்த பிறகு நாம் கற்றுக்கொண்டது என்று நினைக்காதீர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது போய்ப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசியில் படுகளம். கூத்துக் கலைஞர் தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டும் அணிகளுக்குக் 'கட்டை' என்று பெயர். கல்யாண முருங்கை மாதிரி எடை இல்லாத மரத்தில் செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடித் துண்டு ஒட்டியிருப்பார்கள். இரவு முழுக்கச் சுழன்று ஆட வேண்டும் அல்லவா? கனமான மரமென்றால் கழுத்து தாங்காது. விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடித் துண்டுகள் ரத்தினமாக மின்னும். எந்தப் பொருளை எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டுச் செய்தது அது. இன்றைய ஆர்ட் டைரக்டர் போடுவதும் இதே கணக்குத்தான்.

படுகளத்துக்குத் துரியோதனனை மண்ணில் செய்வார்கள். மைதானத்தில் மல்லாந்து படுத்த பெரிய உருவம். தொடைக்குள் செந்நிற நீர் நிறைத்த பானையைப் புதைத்து வைத்திருப்பார்கள். பீமன் வேடக்காரர் ஓங்கி அடித்ததும் பானை உடைந்து சிவப்பு நீர் பொங்கும். திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலை முடிவாள். அது மண், உள்ளே இருப்பது சாய நீர் என்று கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். காலையிலிருந்து அதைச் செய்வதை அவர்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பானை உடையும் நொடியில் கூட்டம் சிலிர்க்கிறது, பெண்கள் அழுகிறார்கள். முடிந்த பிறகு அந்த மண்ணை ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப் போவோரும் உண்டு.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பார்ப்பவருக்கும் செய்பவருக்கும் இடையே ஒப்புக்கொண்ட பொய் அது. யாரும் ஏமாறவில்லை, ஆனால் எல்லோருக்கும் உண்மையான உணர்ச்சி வருகிறது. நல்ல பிராப்பர்ட்டிக்கு இலக்கணம் இதுதான். இந்தச் சொல்லை, 'ஒப்புக்கொண்ட பொய்' என்பதை, நினைவில் வையுங்கள். பிறகு இதற்கே வருகிறேன்.

தமிழ் சினிமாவில் மர்மப் படத்துக்கு முன்னோடி என்றால் 1954-இல் ஏ.வி.எம். எடுத்த 'அந்த நாள்'. வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. கதை வசனம் ஜாவர் சீதாராமன். பாட்டு இல்லை, நடனம் இல்லை. அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய துணிச்சல்! படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி விழுந்து சாகிறார். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னை மேல் குண்டு போட்டது வரலாறு. அதைச் சுற்றிய கதை. செத்தவர் வானொலிப் பொறியாளர். அன்று நடுத்தர வீடுகளில் வானொலி ஒரு கௌரவப் பொருள். அந்த மரியாதையான பொருளை வைத்தே தேசத்துரோகம் செய்யலாம் என்று காட்டியதில்தான் பயம் பிறந்தது.

ஆங்கிலப் படத்தில் ஆல்பிரட் ஹிட்ச்காக் செய்ததும் இதையே. 1941-இல் வந்த 'சஸ்பிஷன்' படத்தில் கணவன் மனைவிக்கு ஒரு தம்ளர் பால் கொண்டு மாடிப்படி ஏறுகிறான். அதில் விஷம் இருக்குமோ என்று நமக்குச் சந்தேகம். பாலுக்குள் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டிருந்தார் ஹிட்ச்காக். இருட்டில் அந்தத் தம்ளர் மட்டும் வெள்ளையாக ஒளிர்கிறது. கத்தி வேண்டாம், துப்பாக்கி வேண்டாம், பால் போதும். 1960-இல் வந்த 'சைக்கோ'வில் குளியலறையில் ஓடும் ரத்தம் சாக்லேட் கரைசல். கறுப்பு வெள்ளைப் படமாகையால் நிறம் தெரியாது, கெட்டியாக இருந்தால் போதும். செலவு குறைவு, யோசனை அதிகம்.

இனி நம் மாணவர்களின் கதைக்கு வருவோம். சென்னையில் அரசு திரைப்படக் கல்லூரி 1945-இல் தொடங்கியது. முதலில் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவு. இன்று எம்.ஜி.ஆர். பெயரில் தரமணியில் இருக்கிறது. மக்கள் வாயில் 'அடையாறு இன்ஸ்டிடியூட்'. 1978-இல் 'அவள் அப்படித்தான்' எடுத்த ருத்ரையா அங்கே படித்தவர். ஆனாலும் அங்கே படித்துவிட்டு வருகிறவர்களை, புத்தகம் படித்து சினிமா கற்றவர்கள் என்று இளக்காரமாகப் பார்க்கும் வழக்கம் கோடம்பாக்கத்தில் இருந்தது.

அதை உடைத்த படம் 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த 'ஊமை விழிகள்'. எழுதித் தயாரித்தவர் ஆபாவாணன், இயக்கியவர் அரவிந்தராஜ், ஒளிப்பதிவு ரமேஷ்குமார். எல்லோரும் அந்தக் கல்லூரி வழி வந்த இளைஞர்கள். ஆபாவாணன் மாணவராக இருந்தபோது எடுத்த 'மர்டர் எக்கோ' என்ற குறும்படம்தான் வளர்ந்து இந்தப் பெரிய படம் ஆனது. அதையும் சினிமாஸ்கோப்பில் எடுத்தார்கள். விஜயகாந்த் போலீஸ் அதிகாரி, ஜெய்சங்கர் பத்திரிகை ஆசிரியர், ரவிச்சந்திரன் வில்லன். பிக்னிக் வரும் பெண்கள் காணாமல் போகிறார்கள் என்பது கதை.

அந்தப் படத்தைப் பார்த்த என் வயதுக்காரர்களிடம் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இருட்டில் வரும் குதிரை வண்டி என்பார்கள். அந்தக் கிழவி என்பார்கள். 1986-இல் நமக்குக் குதிரை வண்டி புதிதா? எத்தனை ஊரில் ரயிலடி வாசலில் ஜட்கா நின்றது! நமக்குத் தெரிந்த வண்டியை நாம் எதிர்பாராத நேரத்தில், எதிர்பாராத இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். பழகிய பொருள் தப்பான இடத்தில் இருந்தால் அதுதான் பயம். பாலுக்கும் வானொலிக்கும் இதே விதிதான். பிள்ளைகளுக்கு நான் முதலில் சொன்னதும் இதையே: வாடகைக் கடைக்கு ஓடாதீர்கள், உங்கள் பாட்டி வீட்டுக்குப் போங்கள்.

அடுத்தது காலம். 1986 என்று கதையில் எழுதிவிட்டால் பிராப்பர்ட்டி வேலை பாதி வரலாற்று வேலை ஆகிவிடும். நான் கொடுத்த பட்டியலில் சில மட்டும் சொல்கிறேன்.

பணம். சிலைக் கடத்தல் கதை என்றால் பெட்டி நிறையப் பணம் காட்டுவார்கள். 1986-இல் 500 ரூபாய் நோட்டே கிடையாது! அது 1987 அக்டோபரில்தான் வந்தது. 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகளை 1978 ஜனவரியிலேயே செல்லாதென்று அறிவித்துவிட்டார்கள். 1,000 ரூபாய் நோட்டு திரும்ப வந்தது 2000-இல். ஆக அன்று பெரிய நோட்டு 100 தான். 100 தாள் கொண்ட ஒரு கட்டு 10,000 ரூபாய். பத்து லட்சம் என்றால் 100 கட்டு. அந்தக் காலப் படங்களில் வில்லன் ஏன் அவ்வளவு பெரிய சூட்கேஸ் தூக்கினான் என்று இப்போது புரிகிறதா? இன்று நோட்டுகளில் இருக்கும் காந்தி வரிசை 1996-இல் வந்தது. அன்றைய 100 ரூபாயில் அசோகர் சிங்கத்தூண்தான்.

பிள்ளைகளே, கலர் ஜெராக்ஸ் எடுத்துக் கட்டு போடலாம் என்று நினைக்க வேண்டாம். அசல் நோட்டைப் போல் தோன்றும் தாளை அச்சிடுவதே குற்றம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 182-ஆம் பிரிவு. 2016-இல் செல்லாமல் போன பழைய 500, 1,000 நோட்டுகளைக்கூட 10-க்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்று 2017-இல் சட்டம் வந்தது. ஆராய்ச்சிக்கும் நாணயச் சேகரிப்புக்கும் 25 வரை விலக்கு. ஆகவே வெறும் தாளை வேறு அளவில் வெட்டி, நீங்களே ஒரு கோலம் வரைந்து, 'படப்பிடிப்புக்கு மட்டும்' என்று எழுதிக் கட்டுங்கள். கேமராவைத் தள்ளி வையுங்கள். பெட்டி திறக்கும்போது நடிகர் முகத்தைக் காட்டினால் பணம் தானாகத் தெரியும்.

பெயர்ப் பலகை. 1986-இல் மாமல்லபுரம் செங்கல்பட்டு மாவட்டம். பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று பெயர் மாறியது. 1997-இல் பிரித்தபோது காஞ்சிபுரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் மறுபடி செங்கல்பட்டு மாவட்டம். இடைக்காலப் பலகை ஒன்று படத்தில் வந்தால் கதை கெட்டது. சென்னை என்று ஆங்கிலப் பலகையில் எழுதக் கூடாது, 1996 வரை மெட்ராஸ்தான். வண்டி எண்ணும் அப்படியே. இன்றைய 'டி.என்.' எண் முறை, புதிய மோட்டார் வாகனச் சட்டம் 1989-இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான்.

எழுத்து. இது டீச்சர் சொல்ல வேண்டிய செய்தி. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. யானைத் துதிக்கை போல் சுழித்து எழுதிய ணை, லை, ளை, னை உட்பட 13 எழுத்துகள் மாறின. 1986-இல் பள்ளிப் பிள்ளை எழுதினால் புது எழுத்து. ஐம்பது வயதுக்காரர் எழுதினால் பெரும்பாலும் பழைய எழுத்துத்தான், கை அவ்வளவு சீக்கிரம் மாறாது. உங்கள் கதையில் ஒரு மொட்டைக் கடிதம் வருகிறதே, அதில் ஒரே ஒரு துதிக்கை 'லை' போடுங்கள் என்றேன். எழுதியவர் வயது அதிலேயே வெளிப்பட்டுவிடும். இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்க வேறு துப்பு எதற்கு? பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த எழுத்தை எழுதத் தெரியவில்லை. கரும்பலகை இல்லாத குறைக்கு, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக் காட்டினேன்.

கடைசியாகச் சிலை. இந்தக் கதைக்கு உயிரே அதுதான். மாமல்லபுரத்தில் சிற்பிகளுக்குப் பஞ்சமா? 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி அங்கே இருக்கிறது. தெருவெல்லாம் உளிச் சத்தம். அங்கே செய்யும் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கதையில் வருவது ஐம்பொன் சிலை. அசல் போலவே ஒன்று வார்த்து வாங்க மாணவர்களிடம் பணம் ஏது? காகிதக் கூழ்தான் வழி.

நம் பாட்டிமார் காகிதக் கூழில் கூடை செய்தார்களே, அதே முறை. பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைக்க வேண்டும். வெந்தயம் பிசினாகவும் இருக்கும், பூச்சியும் வராது. களிமண்ணில் உருவம் பிடித்து, அதன் மேல் கூழை மெல்ல அப்பி, நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். காய்ந்ததும் அறுத்து மண்ணை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டி, முதலில் கறுப்பு, பிறகு பச்சை கலந்த பழுப்பு, கடைசியில் மூக்கு நுனி, முழங்கால், கை விரல் போன்ற மேடுகளில் மட்டும் துணியால் பொன் நிறம் தேய்க்க வேண்டும். கோயில் சிலையில் கை படும் இடம்தான் பளபளக்கும். உள்ளே மணல் மூட்டை வைத்துத் தையுங்கள். கனம் இல்லாத சிலையைத் தூக்கும் நடிகருக்கு நடை பொய்யாக வரும், பார்ப்பவர் அதை உடனே பிடித்துவிடுவார்.

இங்கேதான் முன்பு சொன்ன 'ஒப்புக்கொண்ட பொய்' வருகிறது. கும்பகோணம் பக்கம் சிவபுரத்தில் 1951-இல் நிலத்திலிருந்து சில சிலைகள் கிடைத்தன, நடராஜரும் அதில் ஒன்று. பழுது பார்க்க வேண்டும் என்று 1954-இல் ஸ்தபதியிடம் கொடுத்தார்கள். திரும்பி வந்தது அசல் இல்லை, நகல். அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்கா போனது. கோயிலில் நகலுக்குப் பூசை நடந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965-இல் வந்த தன் நூலில், கோயிலில் இருப்பது நகல் என்று எழுதிய பிறகே விஷயம் வெளியே வந்தது. 1973-இல் அதை வாங்கியிருந்த நார்ட்டன் சைமன் என்ற செல்வரோடு இந்திய அரசு வழக்காடியது. பத்தாண்டு அங்கே காட்சிக்கு வைத்துவிட்டுத் திருப்பித் தருவது என்று 1976-இல் ஒப்பந்தம் ஆகி, 1980-களில் நடராஜர் நாடு திரும்பினார். தமிழகக் காவல்துறையில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983-இல் உருவானது. அதற்குப் பிறகும் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் களவு போய், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கி, 2014-இல்தான் திரும்ப வந்தார்.

சிவபுரம் நகலைச் செய்த கைக்கு எவ்வளவு திறமை இருந்திருக்க வேண்டும்! கும்பிட்டவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் அது பிராப்பர்ட்டி இல்லை, மோசடி. படுகளத்து மண் துரியோதனனும் பொய்தான், சிவபுரம் நகலும் பொய்தான். ஒன்றில் ஊரே சேர்ந்து பொய் என்று ஒப்புக்கொண்டது. மற்றதில் ஊருக்குத் தெரியாமல் நடந்தது. வேறுபாடு கைத்திறனில் இல்லை, சொன்னதிலும் மறைத்ததிலும்தான் இருக்கிறது. அதனால் பிள்ளைகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னேன்: சிலையின் அடிப்பாகத்தில் 'படத்துக்காகச் செய்தது' என்று உங்கள் பெயரும் தேதியும் எழுதுங்கள். கேமராவுக்குத் தெரியாது, எடுத்துப் பார்க்கிறவருக்குத் தெரியும்.

துப்பாக்கிக்கும் இதே நியாயம். டம்மிதானே என்று கடற்கரையில் நீட்டிக்கொண்டு ஓடினால், பார்க்கிற மீனவருக்கும் சுற்றுலா வந்த குடும்பத்துக்கும் அது டம்மி என்று எப்படித் தெரியும்? பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம், எந்நேரமும் காவல். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு எடுங்கள். கடற்கரைக் கோயில் போன்ற இடங்களுக்குத் தொல்லியல் துறையின் அனுமதி தனியாக வேண்டும். எத்தனையோ படங்களில் டம்மி துப்பாக்கி பார்த்த எம்.ஜி.ஆர். மேலேயே 1967 ஜனவரி 12 அன்று நிஜக் குண்டு பாய்ந்தது. அது நிஜத் துப்பாக்கி. படப்பிடிப்புத் துப்பாக்கியே உயிர் குடித்ததும் உண்டு. 1993-இல் நடிகர் பிராண்டன் லீ, 2021-இல் 'ரஸ்ட்' பட ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ். மாணவர் படத்தில் வெடிக்கும் எதுவும் வேண்டாம். மரத்தில் செதுக்கிக் கறுப்புப் பூசுங்கள், சத்தத்தை எடிட்டிங்கில் சேருங்கள்.

நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் பழைய டிரங்குப் பெட்டி, வால்வு ரேடியோ, அரிக்கேன் விளக்கு, சுழற்றும் டெலிபோன், 1980-களின் காலண்டர், துதிக்கை 'லை' போட்ட கடிதங்கள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எடைக்குக் கிடைக்கும் காசில் ஒன்றும் ஆகப் போவதில்லை. இன்று ஒரு மாணவர் படத்துக்கு அது சாமான், நாளை ஒரு வரலாற்று மாணவருக்கு அதுவே ஆவணம். துடைத்து, எந்த ஆண்டு யார் வாங்கியது என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். கொடுத்து உதவ மனமிருந்தால் பின்னூட்டத்தில் பொருளின் பெயரை மட்டும் எழுதுங்கள். பத்திரமாகத் திரும்பி வரும், அதற்கு நான் பொறுப்பு.

உங்கள் ஊரில் படுகளம் பார்த்தவர்கள், 'ஊமை விழிகள்' வந்தபோது தியேட்டரில் பயந்தவர்கள், உங்கள் நினைவுகளையும் எழுதுங்கள். பிள்ளைகள் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்